செல்லுக்குள் நிகழும் ஒரு வெட்டு: மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகளும் நடைத் தள்ளாட்டமும்

நடையில் தள்ளாட்டம் கண்ட பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்து வரும் பெற்றோர், பல பரிசோதனைகளுக்குப் பின் மரபணு அறிக்கை ஒன்றைப் பெறுகின்றனர். அதில் மைட்டோகாண்ட்ரியா, ஃப்ரடாக்சின், புரதச் செப்பமாக்கம் முதலிய சொற்கள் நிறைந்திருக்கும். மருத்துவர் விளக்கும் வேளையில் புரிந்தது போலத் தோன்றும். வீடு திரும்பியபின் உறவினர் கேட்டால் சொல்லத் தெரியாது. அத்தகைய குடும்பங்களுக்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. அச்சொற்களின் பொருளை முதலில் காண்போம். அதன்பின், தள்ளாட்டத்திற்கு உரிய சரியான காரணத்தைப் பெயர் சொல்லிக் கண்டறிவது ஏன் இன்றியமையாதது என்பதையும், குடும்பத்தார் செய்யத்தக்கவை யாவை என்பதையும் காண்போம்.

வெளியே உருவாகி உள்ளே செல்லும் புரதங்கள்

நம் உடலின் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. உண்ட உணவிலிருந்தும் உள்வாங்கிய உயிர்வளியிலிருந்தும் செல் பயன்படுத்தத்தக்க ஆற்றலை ஆக்கித் தருவது இவற்றின் தலையாய பணி. நரம்பு, இதயத் தசை, எலும்புத் தசை, கணையம் ஆகியவை ஓயாது உழைப்பவை. ஆதலால் மைட்டோகாண்ட்ரியாவில் குறை நேரும்போது பெரும்பாலும் இவ்வுறுப்புகளே முதலில் தளர்கின்றன.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு எனத் தனியே ஒரு சிறு மரபுப்பொருள் உண்டு. அதில் 37 மரபணுக்கள் உள்ளன; அவற்றுள் 13 மட்டுமே புரதங்களுக்குரியவை. ஆனால் மைட்டோகாண்ட்ரியா இயங்குவதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைப் புரதங்கள் தேவை. எஞ்சியவற்றுக்கான மரபணுக்கள் யாவும் செல்லின் உட்கருவில் உள்ளன. அம்மரபணுக்களின் கட்டளைப்படி, மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, செல்லின் திரவப் பகுதியில் உள்ள ரைபோசோம்களில் அப்புரதங்கள் உருவாகின்றன. சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பரிசு பெற்றது இந்த ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காகவே. அவருடைய ஆய்வுக் குழு பின்னர் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் தனி ரைபோசோமின் அமைப்பையும் வெளிப்படுத்தியது.

வெளியே உருவான புரதம் தான் சேர வேண்டிய இடத்தை எங்ஙனம் அறிகிறது? புரதத்தின் தொடக்க முனையிலேயே முகவரி போன்ற ஒரு சிறு தொடர் சேர்ந்தே உருவாகிறது. புரதங்கள் இவ்வாறு தம் இருப்பிடக் குறியைத் தாமே தாங்கி வருகின்றன என்பதைக் கண்டறிந்தமைக்காக குந்தர் புளோபெல் 1999-இல் நோபல் பரிசு பெற்றார். மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதிக்குச் செல்லும் புரதங்களுள் பெரும்பாலானவற்றுக்கு இம்முகவரித் தொடர் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவைச் சூழ்ந்து இரண்டு சவ்வுகள் உள்ளன. முகவரித் தொடர் முன்னே செல்ல, புரதம் நூல் போல நீண்டு, வெளிச் சவ்வின் வாயிலையும் உள் சவ்வின் வாயிலையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து உள்ளறையை அடைகிறது.

முகவரி நீங்க வேண்டும்

உள்ளே வந்து சேர்ந்ததும் முகவரித் தொடரின் பயன் முடிந்துவிடுகிறது. அது ஒட்டிக்கொண்டே இருந்தால் புரதம் தனக்குரிய வடிவில் மடியாது. தனக்குரிய பணியைச் செய்யாது. விரைவில் சிதையவும் கூடும்.

காஞ்சிபுரத்தார்க்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பட்டுப்புழுக் கூட்டிலிருந்து எடுத்த கச்சாப் பட்டு நூலில் இரு புரதங்கள் உள்ளன. நடுவில் இருக்கும் இழை ஃபைப்ராயின். அதன் மேல் பூசினாற்போல் இருக்கும் பசை செரிசின். கச்சா நூலின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இப்பசையே. நூலைச் சுற்றும்போதும் முறுக்கேற்றும்போதும் இழைகளைச் சேர்த்துப் பிடித்துக் காப்பது அது. ஆயினும் சாயமேற்றுவதற்கு முன், சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் நூலை அவித்து அப்பசையை நீக்கியாக வேண்டும். நீக்காவிடின் சாயம் சீராக ஏறாது; பட்டின் மென்மையும் பளபளப்பும் வெளிப்படா. வரும் வழியில் காத்த பொருளே வந்து சேர்ந்தபின் தடையாகிறது. முகவரித் தொடரின் நிலையும் அத்தகையதே.

ஒரு வேறுபாடு உண்டு. சோப்புநீர் பசை முழுவதையும் கரைத்துவிடும். மைட்டோகாண்ட்ரியாவிலோ, புரதத்தின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் துல்லியமாக வெட்டு விழ வேண்டும். அவ்வெட்டை நிகழ்த்துபவை நொதிகள்.

வெட்டும் நொதிகள்

முதல் வெட்டை நிகழ்த்துவது மைட்டோகாண்ட்ரியாவின் செப்பமாக்க நொதி. இது இரண்டு அலகுகள் இணைந்த கூட்டு நொதி. ஆல்ஃபா அலகு முகவரித் தொடரைப் பற்றுவதற்கு உதவுகிறது. பீட்டா அலகில் துத்தநாக அணு ஒன்று பொருந்தியுள்ளது. வெட்டு விழுவது அங்கேதான். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பணி நடவாது. நியூரோஸ்போரா என்னும் பூஞ்சையிலிருந்து இந்நொதி 1988-இல் ஜெர்மனியில் பிரித்தெடுக்கப்பட்டது. பூஞ்சைக்கும் மனிதனுக்கும் இந்நொதி பொதுவானது என்பதிலிருந்தே இது உயிர்வாழ்வுக்கு எத்துணை அடிப்படையானது என்பது விளங்கும்.

சில புரதங்களுக்கு ஒரு வெட்டு போதும். வேறு சிலவற்றுக்கு மேலும் திருத்தம் வேண்டும். இரண்டாம் நொதி ஒன்று எட்டு அமினோ அமிலங்களைக் கூடுதலாக நீக்குகிறது. மற்றொன்று ஒரே ஓர் அமினோ அமிலத்தை மட்டும் களைகிறது. வெட்டி எறியப்பட்ட முகவரித் துண்டுகளும் உள்ளே தேங்கிக் கிடக்கலாகாது. தேங்கினால் அவை சவ்வுக்குக் கேடு செய்யும். அவற்றைச் சிதைத்து அகற்றுவதற்கும் தனி நொதி உண்டு.

நொதியிலேயே குறை நேர்ந்தால்

இந்நொதிகளுக்குரிய மரபணுக்களில் பிழை இருப்பதால் தோன்றும் நோய்கள் உலகெங்கும் மிகச் சில குடும்பங்களிலேயே அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை கடந்த 10, 15 ஆண்டுகளில் கண்டறியப்பட்டவை.

ஆல்ஃபா அலகின் மரபணுப் பிழையால் உண்டாகும் சிறுமூளைத் தள்ளாட்டம், லெபனான் வழிவந்த குடும்பங்களில் 2015-இல் விளக்கப்பட்டது. இக்குடும்பங்களில் குழந்தைகள் தாமதமாக நடந்தனர், நடை தள்ளாடியது, ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அது பெரிதும் மோசமாகவில்லை. பீட்டா அலகின் பிழை 2018-இல் விளக்கப்பட்டது. அது கடுமையானது. இளங்குழந்தைகள், பெரும்பாலும் காய்ச்சலை ஒட்டி, கற்ற திறன்களை இழந்தனர். எட்டு அமினோ அமிலங்களை நீக்கும் நொதியின் குறை 2016-இல் கண்டறியப்பட்டது. அது இதயத் தசையையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கிறது. முகவரித் துண்டுகளைச் சிதைக்கும் நொதியின் குறையால், மெல்ல வளரும் தள்ளாட்டமும் மனநிலைப் பாதிப்பும் உண்டாவது நார்வே நாட்டுக் குடும்பம் ஒன்றில் அதே ஆண்டில் விளக்கப்பட்டது.

இவை அனைத்தும் அரியவை. இவற்றோடு நெருங்கிய தொடர்புடையதும், நரம்பியல் பிரிவுகளில் இவற்றைவிட மிகுதியாகக் காணப்படுவதும் ஃபிரெட்ரிக் அட்டாக்சியா என்னும் நோய். அட்டாக்சியா என்பது உடல் அசைவுகளில் ஒத்திசைவு குன்றுவதைக் குறிக்கும் மருத்துவச் சொல்.

ஃப்ரடாக்சின்: இரு வெட்டுகள் வேண்டும் புரதம்

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் மருத்துவராக இருந்த நிக்கோலாஸ் ஃபிரெட்ரிக் 1863-இல் இந்நோயை முதன்முதலாக விவரித்தார். இதற்குரிய மரபணு 1996-இல் கண்டறியப்பட்டது. ஒன்பதாம் குரோமோசோமில் உள்ள அம்மரபணுவின் கட்டளையால் உருவாகும் புரதமே ஃப்ரடாக்சின்.

ஃப்ரடாக்சின் 210 அமினோ அமிலங்களைக் கொண்ட நீண்ட புரதமாக வெளியே உருவாகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்ததும், மேலே கூறிய செப்பமாக்க நொதி முதலில் 41 அமினோ அமிலங்களை வெட்டி நீக்குகிறது. பின்னர் மேலும் 39-ஐ நீக்குகிறது. எஞ்சும் 130 அமினோ அமிலங்களே பணிசெய்யும் ஃப்ரடாக்சின். இரும்பும் கந்தகமும் இணைந்த நுண்கொத்துகள் உருவாவதற்கு அது துணைபுரிகிறது. அக்கொத்துகள் இன்றி ஆற்றல் ஆக்கும் நொதிகள் பல இயங்கா.

இங்கு ஒரு தெளிவு வேண்டும். ஃபிரெட்ரிக் அட்டாக்சியாவில் வெட்டும் நொதிக்குக் குறையில்லை. வெட்டப்பட வேண்டிய ஃப்ரடாக்சினே போதிய அளவில் உருவாவதில்லை. அம்மரபணுவில் ஜி-ஏ-ஏ என்னும் மூன்றெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும் பகுதி ஒன்று உண்டு. நோயற்றவர்களிடம் அது ஏறத்தாழ 33 முறைக்கு உட்பட்டே இருக்கும். நோயுற்றவர்களிடம் 66 முதல் ஆயிரத்துக்கும் மேலாக நீண்டிருக்கும். அந்நீட்சி மரபணுவின் குரலை அடக்கிவிடுகிறது. ஆல்ஃபா அலகின் குறையிலோ ஃப்ரடாக்சின் உருவாகிறது. ஆனால் அது முறையாக வெட்டப்படுவதில்லை. காரணங்கள் வெவ்வேறாயினும் பாதிக்கப்படும் புரதம் ஒன்றாக இருப்பதால், வெளியே தெரியும் அறிகுறியும் ஒத்திருக்கிறது: தள்ளாடும் நடை.

ஒரே தள்ளாட்டம், பல காரணங்கள்

குடும்பத்தார் மனத்தில் கொள்ள வேண்டிய தலையாய செய்தி இதுவே. தள்ளாட்டம் என்பது ஓர் அறிகுறி. அது நோயின் பெயர் அன்று. அதற்குக் காரணமானவை பல. அவற்றுள் சிலவற்றுக்கு முழுப்பயன் தரும் மருத்துவம் உண்டு.

சிறந்த எடுத்துக்காட்டு வைட்டமின் ஈ குறைபாட்டால் வரும் மரபுவழித் தள்ளாட்டம். இது ஃபிரெட்ரிக் அட்டாக்சியாவைப் பெரிதும் ஒத்திருக்கும். கல்லீரல் வைட்டமின் ஈ-யை இரத்தத்தில் தக்கவைக்க இயலாமையே இதன் காரணம். இரத்தத்தில் அவ்வைட்டமினின் அளவைப் பார்த்தாலே ஐயம் தெளியும். மருத்துவர் கூறும் அளவில் வைட்டமின் ஈ-யை வாழ்நாள் முழுதும் உட்கொண்டால் நோய் மேலும் வளராமல் தடுக்கலாம். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் சில அறிகுறிகள் குறையவும் கூடும். காலம் தாழ்த்தினால் இழந்த திறன் முழுதும் மீளாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, நீண்டகால மதுப்பழக்கம், சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் தள்ளாட்டத்தைத் தரும்.

ஆகவே "நரம்புத் தளர்ச்சி" என்று பொதுப்பெயரிட்டு, கடையில் கிடைக்கும் சத்து மாத்திரைகளை உட்கொண்டு ஆண்டுகளைக் கழிப்பது பெருந்தீங்காக முடியலாம். காரணத்தின் பெயரை அறிந்தால் மருந்து, கண்காணிக்க வேண்டிய உறுப்பு, உடன்பிறந்தோர்க்குள்ள வாய்ப்பு ஆகிய மூன்றும் தெளிவாகும்.

வீட்டில் கவனிக்கத்தக்க அறிகுறிகள்

ஃபிரெட்ரிக் அட்டாக்சியா பெரும்பாலும் 5 வயது முதல் 15 வயதுக்குள் தொடங்குகிறது. சிலரிடம் 25 வயதுக்குப் பின்னும் தோன்றலாம். பின்வருவனவற்றைக் கண்டால் நரம்பியல் மருத்துவரை அணுகுக.

• முன்பு நன்றாக ஓடிய பிள்ளை அடிக்கடி தடுக்கி விழுதல். கால்களை அகற்றி வைத்து நடத்தல்.

• இருட்டில் தள்ளாட்டம் மிகுதல். முகம் கழுவக் கண்ணை மூடும்போது உடல் ஆடுதல். கால்களின் நிலையை மூளைக்கு உணர்த்தும் நரம்புகள் தளர்ந்துவிட்டதால், கண்பார்வையின் துணையின்றி உடலை நிலைநிறுத்த இயலாமற் போகிறது.

• எழுத்து கோணலாதல், பொத்தான் மாட்டுவதில் சிரமம். குழித்தறியில் அமர்ந்து நெய்பவராயின் மிதியை மாற்றி மிதிப்பதில் தடுமாற்றம், நாடா எறிவதில் தவறுதல், இழை பிணைப்பதில் விரல் நடுக்கம்.

• பேச்சு குழறுதல்; மது அருந்தியவர் போலப் பேசுவதாகப் பிறர் கருதுதல்.

• முதுகெலும்பு பக்கவாட்டில் வளைதல், பாத வளைவு மிகுதியாக உயர்தல்.

• இதயப் படபடப்பு, மூச்சிரைப்பு, எளிதில் களைத்தல்.

மது அருந்தாத இளைஞர் ஒருவரைத் தெருவில் குடிகாரர் என இகழ்வதும், பள்ளியில் சோம்பேறி எனக் கடிந்துகொள்வதும் இந்நோயாளிகளின் வாழ்வில் பலமுறை நிகழ்கின்றன. கருடசேவை நாளன்று வரதராசப் பெருமாள் கோயிலைச் சூழும் நெரிசலில் நடப்பது இவர்களுக்குப் பெரும் இடராகும். அறியாதார்க்கு எடுத்துரைப்பதும், நெரிசலில் கைகொடுத்து உடன் செல்வதும் குடும்பத்தாரின் கடமை.

பரிசோதனைகள்

மருத்துவர் முதலில் முழங்கால், கணுக்கால் ஆகியவற்றின் அனிச்சை அசைவுகளைச் சோதிப்பார். ஃபிரெட்ரிக் அட்டாக்சியாவில் பெரும்பாலும் அவை இரா. தொடர்ந்து மூளைக்கும் முதுகுத் தண்டுக்கும் எம்.ஆர்.ஐ., நரம்புக் கடத்தல் சோதனை, இதயத்துக்கு இ.சி.ஜி., எக்கோ, இரத்தத்தில் சர்க்கரை, வைட்டமின் ஈ, வைட்டமின் பி12, தைராய்டு ஆகியவை பார்க்கப்படும்.

மரபணுப் பரிசோதனையில் ஒன்றை அறிந்திருத்தல் நலம். ஏராளமான மரபணுக்களை ஒரே நேரத்தில் படிக்கும் எக்சோம் பரிசோதனை இன்று பரவலாகக் கிடைக்கிறது. ஆல்ஃபா, பீட்டா அலகுகளின் பிழை போன்றவற்றை அது காட்டக்கூடும். ஆனால் ஃப்ரடாக்சின் மரபணுவில் உள்ள மூன்றெழுத்துத் தொடரின் நீட்சியை வழக்கமான எக்சோம் பரிசோதனை காட்டாது. அதற்கெனத் தனிப் பரிசோதனை உண்டு. "எல்லா மரபணுக்களையும் பார்த்துவிட்டோம், ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது" எனக் கூறும் குடும்பத்தார், ஃப்ரடாக்சினுக்குரிய தனிப் பரிசோதனை செய்யப்பட்டதா என மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

குடும்பத்தில் எங்ஙனம் வருகிறது?

மேலே கூறிய நோய்கள் யாவும் மறைந்து வரும் மரபைச் சேர்ந்தவை. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு படிகளாக நம்மிடம் உள்ளது. ஒரு படியில் மட்டும் பிழை இருப்பவர் நோயுறுவதில்லை. அவர் அப்பிழையின் கடத்தி மட்டுமே. பெற்றோர் இருவரும் ஒரே மரபணுவில் கடத்திகளாக இருந்தால், ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. கடத்தியாகப் பிறக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு. பிழையே இன்றிப் பிறக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு. முதற் குழந்தைக்கு நோய் வந்தமையால் அடுத்த மூன்று குழந்தைகளுக்கு வராது எனக் கணக்கிடுதல் தவறு. ஒவ்வொரு முறையும் வாய்ப்பு புதிதாகவே அமைகிறது.

உறவில் மணம் புரிவது நம் மாநிலத்தில் நெடுங்கால வழக்கம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 28 விழுக்காட்டுப் பெண்கள் உறவினரை மணந்தவர்கள். அத்தை மகன், மாமன் மகள் போன்றோர் தம் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டுள்ளனர். தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கை. ஆகவே ஒரே பிழை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு உயர்கிறது. உறவில் மணந்தோர் பெரும்பாலோர்க்கு நலமான குழந்தைகளே பிறக்கின்றன என்பதும் உண்மை.

உறவில் மணக்காதோரும் இதனைத் தம்மைச் சாராத செய்தி என ஒதுக்க இயலாது. ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் அவருடன் பணியாற்றிய அறிவியலாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, பல தலைமுறைகளாகத் தம் சமூகத்துக்குள்ளேயே மணந்து வந்த தெற்காசியக் குழுக்கள் பலவற்றில், மறைந்து வரும் மரபுநோய்களுக்கான வாய்ப்பு மிகுதி எனச் சுட்டியது. குறிப்பிட்ட ஒரு சமூகத்துக்கு மட்டும் உரிய செய்தி அன்று இது.

இவ்விவரங்கள் யாரையும் குற்றஞ்சாட்டுவதற்காகத் தரப்படவில்லை. மருமகளின் வழியில் வந்தது, மகனின் வழியில் வந்தது என்னும் சண்டைக்கு இங்கு இடமே இல்லை. மறைந்து வரும் மரபில் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு படி வந்தால்தான் நோய் உண்டாகும். தெரியாமல் தாங்கிய ஒன்றுக்கு எவரும் பொறுப்பாளர் அல்லர். ஆனால் தெரிந்துகொண்டபின் உடன்பிறந்தோர்க்குச் சொல்வதும், அடுத்த கருவுறுதலுக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவதும் நம் கையில் உள்ளன.

மருத்துவமும் பராமரிப்பும்

நொதியின் குறையையோ ஃப்ரடாக்சின் குறைவையோ முற்றிலும் நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஃபிரெட்ரிக் அட்டாக்சியாவுக்கென ஓமவெலாக்சோலோன் என்னும் மருந்துக்கு அமெரிக்காவில் 2023 பிப்ரவரியிலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-இலும் ஒப்புதல் வழங்கப்பட்டது. 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது அது. நோயின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துவதே அதன் பயன், இழந்ததை மீட்பதில்லை. விலை மிக உயர்ந்தது. கல்லீரல் சோதனைகளுடன் மட்டுமே தரத்தக்கது. இணையத்தில் பார்த்துத் தாமே வாங்க முற்படுவது கூடாது.

மருந்து இல்லை என்பதால் செய்வதற்கு ஒன்றுமில்லை எனக் கருதலாகாது. வாழ்நாளையும் வாழ்வின் தரத்தையும் பாதுகாப்பவை பின்வருவன.

இதயம். ஃபிரெட்ரிக் அட்டாக்சியா உள்ளோருள் பெரும்பான்மையோர்க்கு இதயத் தசை தடிக்கிறது. உயிருக்கு ஊறு நேர்வது பெரும்பாலும் இதனாலேயே. அறிகுறி இல்லாவிடினும் ஆண்டுக்கொரு முறை இ.சி.ஜி., எக்கோ பார்த்தல் வேண்டும்.

சர்க்கரை. கணையம் தளர்வதால் நீரிழிவு தோன்றக்கூடும். ஆண்டுக்கொரு முறையேனும் இரத்தச் சர்க்கரை பார்த்தல் வேண்டும். மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைதல் ஆகியவை காணப்பட்டால் உடனே காட்டுக.

உடற்பயிற்சி. இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் சமநிலைப் பயிற்சியும் தசை நீட்டலும் நாள்தோறும் தேவை. பயிற்சியை நிறுத்தினால் தளர்ச்சி விரைகிறது.

முதுகெலும்பு. வளரும் பருவத்தில் வளைவு விரைந்து கூடலாம். எலும்பு மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும்.

பேச்சும் விழுங்குதலும். உண்ணும்போது இருமல் வந்தால் பேச்சுப் பயிற்சியாளரைக் காண்க. நிமிர்ந்து அமர்ந்து, சிறு கவளங்களாக உண்பது நலம்.

காய்ச்சல். மைட்டோகாண்ட்ரியா நோயுள்ள குழந்தைகளுக்குக் காய்ச்சலும் பட்டினியும் ஆபத்தானவை. உணவும் நீரும் ஏற்க மறுத்தால் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்து வருக. வலிப்புக்கும் தொற்றுக்கும் தரப்படும் மருந்துகளுள் சில இந்நோயாளிகளுக்கு ஒவ்வா. எந்த மருத்துவரிடம் சென்றாலும், அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவரிடமும், நோயின் பெயரை முதலில் சொல்லுக.

வீடு. குளியலறையில் கைப்பிடி, இரவு விளக்கு, வழுக்காத தரை, உயர்ந்த நிலைப்படிக்குச் சாய்தளம் ஆகியவை வீழ்ச்சியைத் தடுக்கும். சக்கர நாற்காலியை ஏற்பது தோல்வியன்று. அது பள்ளிக்கும் வேலைக்கும் செல்லும் வழியைத் திறந்து வைக்கிறது.

குடும்பத்தார் கேட்கும் கேள்விகள்

*வைட்டமின் ஈ தீங்கற்றதுதானே? சோதிக்காமலேயே கொடுத்துப் பார்க்கலாமா?*

கூடாது. முன்பே உட்கொண்டுவிட்டால் இரத்த அளவு மாறி, உண்மையான குறைபாடு மறைந்துவிடலாம். முதலில் சோதனை, பின்னர் மருந்து. இரும்புச் சத்து மாத்திரையையும் மருத்துவர் கூறாமல் தொடங்க வேண்டா.

*பெற்றோராகிய எங்களுக்கு ஒரு நோயும் இல்லையே, எப்படி வந்திருக்கும்?*

மறைந்து வரும் மரபின் இயல்பே அது. கடத்திகளுக்கு அறிகுறி இராது. பல தலைமுறைகளாக ஒருவரும் நோயுறாமலேயே பிழை கடந்து வந்திருக்கலாம்.

*மகளின் திருமணத்துக்கு முன் அவளுக்குச் சோதனை வேண்டுமா?*

குடும்பத்தில் நோய்க்குரிய பிழை உறுதியாகியிருந்தால், வயது வந்த உடன்பிறந்தோர் விரும்பினால் கடத்திச் சோதனை செய்துகொள்ளலாம். உறவில் மணம் பேசப்படுமாயின் இருவரும் செய்துகொள்வது நலம். அறிகுறியற்ற சிறு பிள்ளைகளுக்குச் செய்வதா என்பதை மரபியல் ஆலோசகருடன் கலந்து முடிவு செய்க.

*அடுத்த குழந்தை நலமாகப் பிறக்க வழி உண்டா?*

உண்டு. பிழை இன்னதென முன்பே தெரிந்திருந்தால் கருவிலேயே சோதித்தறிய இயலும். கருவுற்றபின் ஓடி வருவதினும், கருவுறுவதற்கு முன்பே ஆலோசனை பெறுவது சிறந்தது.

*அரசின் உதவிகள் யாவை?*

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியாக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய சலுகைகளுக்கும் பயணச் சலுகைகளுக்கும் அது அடிப்படை. 2021-இல் நடுவண் அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. எல்லா நோய்களும் அதன் பட்டியலில் இல்லை. தங்கள் நோய் அதில் உள்ளதா என மருத்துவரிடம் கேட்டறிக.

எங்கே செல்வது? எவற்றை எடுத்துச் செல்வது?

காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் இருபுறமும் உயர்நிலை மையங்கள் உள்ளன. கிழக்கே சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் நிலையம். மேற்கே வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல், மரபியல் பிரிவுகள். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் மைட்டோகாண்ட்ரியா நோய்கள் நெடுநாளாக ஆராயப்பட்டு வருகின்றன. புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் முறையை அதே நகரின் இந்திய அறிவியல் கழகத்தில் பாட்ரிக் டி'சில்வாவின் ஆய்வுக் குழு ஆராய்கிறது.

செல்லும்போது பழைய அறிக்கைகள் அனைத்தையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்க. மூன்று தலைமுறை உறவு முறையை ஒரு தாளில் வரைந்துகொள்க. யார் யாரை மணந்தார், எவருக்கு நடைத் தளர்ச்சியோ இதயநோயோ இளவயது மரணமோ நேர்ந்தது என்பதைக் குறிக்க. பிள்ளை நடப்பதை ஓராண்டுக்கு முன்பும் இப்போதும் கைப்பேசியில் எடுத்த காணொளிகள் இருப்பின் அவையும் பயன்படும். நோய் வளர்கிறதா, ஒரே நிலையில் நிற்கிறதா என்பதை மருத்துவர் அவற்றிலிருந்து அறிவார். அவ்வொரு வேறுபாடே சில வேளைகளில் காரணத்தை நோக்கி வழிகாட்டிவிடும்.

நடை தள்ளாடும் ஒருவர் தங்கள் வீட்டில் இருந்து, இதுவரை காரணத்தின் பெயர் அறியப்படாதிருப்பின், அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள்: வைட்டமின் ஈ அளவு பார்த்தாயிற்றா? ஃப்ரடாக்சினுக்குரிய தனிச் சோதனை செய்தாயிற்றா? இதயத்துக்கு எக்கோ எடுத்தாயிற்றா?